வளவுக்குள் வெட்டுக்கிளி: மக்ரோ படம் எடுக்கத் தொடங்குகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

வன்னியில் புதிதாகக் கமரா வாங்கியவர்கள் முதலில் போவது குளக்கட்டுக்குத்தான். இரணைமடுவில் ஒரு சூரிய அஸ்தமனம், முத்தையன்கட்டில் நாலு கொக்கு, வருகிற வழியில் ஒரு மயில். அதெல்லாம் முடிந்ததும் "இனி எதை எடுக்கிறது?" என்று கேட்பார்கள். கிணற்றடிக்குப் போங்கள் என்பேன். செவ்வரத்தை இலையில் ஓட்டை போட்டுக்கொண்டிருப்பவர் யார் என்று பாருங்கள். வெட்டுக்கிளி எடுக்கப் பெற்றோல் செலவு இல்லை, அனுமதிச் சீட்டும் வேண்டாம். அதன் பழக்கவழக்கம் கொஞ்சம் தெரிந்திருந்தால் சுமாரான கமராவே போதும். சின்ன உயிர்களை மிகக் கிட்டப் போய்ப் பெரிதாக எடுக்கும் இந்த மக்ரோ வேலையில் இறங்கியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

எந்த மாதத்தில் தொடங்குவது?

ஐப்பசி, கார்த்திகையில். மாரி மழை விழுந்து புல் எழும்பியதும் முட்டைகள் பொரிக்கத் தொடங்கும். வேலியோரப் புல்லைக் காலால் விலக்கினால் நெல்மணி அளவுக் குஞ்சுகள் நாலாபக்கமும் தெறிக்கும். பழகுவதற்கு இந்தக் குஞ்சுகள்தான் நல்லவை. பாயும், ஆனால் இறகு இல்லாததால் பறக்காது. ஒரு முழம் தள்ளிப்போய் இருந்துகொள்ளும். தை, மாசியில் பெரும்பாலானவை வளர்ந்து இறகோடு நிற்கும். காலபோக நெல் வெட்டும் நேரமும் அதுதான். வயல் வெறுமையானதும் அங்கே தின்றுகொண்டிருந்தவை வரம்பு தாண்டி வளவுக்குள் வந்துவிடும்.

வைகாசியில் சோளகம் எழும்பிவிட்டால் இலை ஒரு நிமிடம் சும்மா நிற்காது, புழுதி வேறு. ஆனால் அந்தக் காலத்திலும் ஒரு வசதி உண்டு. ஊரெல்லாம் காய்ந்து கிடக்கும்போது தண்ணீர் விடுகிற இடம் மட்டும் பச்சையாக இருக்கும்: வாழையடி, கீரைப் பாத்தி, கிணற்றடி வாய்க்கால் ஓரம். சுற்றுவட்டாரத்துப் பூச்சியெல்லாம் அங்கேதான் கூடும். காற்று எழும்புவதற்கு முன், காலை ஏழு மணிக்குள் வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

கேட்டிடிட் என்கிறார்களே, அதுவும் வெட்டுக்கிளிதானா?

ஒரே பெருங்குடும்பம், இரண்டு கிளைகள். பார்த்தவுடன் பிரிக்க மீசையைப் பாருங்கள். மீசை என்று சொன்னாலும் அது உணர்கொம்பு. சாதாரண வெட்டுக்கிளிக்கு அது குட்டையாக, தடித்து, உடம்பின் பாதி நீளத்தைத் தாண்டாமல் இருக்கும். கேட்டிடிட்டுக்கு மயிர் போல மெலிந்து, உடம்பைவிட நீளமாக, சிலவற்றில் இரண்டு மூன்று மடங்கு நீளமாக இருக்கும். அந்த வகையில் பார்த்தால் கேட்டிடிட் நம்முடைய சில்வண்டுக்கும் பிள்ளைப்பூச்சிக்கும்தான் நெருங்கிய சொந்தம்.

காதும் வேறு வேறு இடத்தில். வெட்டுக்கிளிக்கு வயிற்றின் முதல் வளையத்தில், இறகுக்கு அடியில், பக்கத்துக்கு ஒன்றாக ஒரு சவ்வு. கேட்டிடிட்டுக்கு முன்னங்காலில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே. மிகக் கிட்டப் போய் எடுத்த படத்தில் அந்த நீள்வட்டக் குழி தெளிவாகத் தெரியும், தேடிப் பாருங்கள். சத்தம் போடுவதிலும் வேறுபாடு உண்டு. வெட்டுக்கிளிகளில் பல பின்னங்காலை இறகில் உரசும், கேட்டிடிட் ஆண் ஓர் இறகை மற்ற இறகில் உரசும்.

படம் எடுப்பவருக்கு முக்கியமான வேறுபாடு நேரம். வெட்டுக்கிளி வெயிலின் ஆள். கேட்டிடிட்டுகளில் பெரும்பாலானவை பகலில் இலையோடு இலையாக ஒட்டிக்கிடந்துவிட்டு இருட்டிய பிறகுதான் நடமாடும். பகலில் மட்டும் தேடிவிட்டு "எங்கள் வளவில் அது இல்லை" என்று சொல்லக் கூடாது.

எங்கே தேடுவது? எனக்கு ஒன்றுமே தென்படுவதில்லை.

பூச்சியைத் தேடாமல் அது தின்ற அடையாளத்தைத் தேடுங்கள். இலையின் ஓரத்திலிருந்து உள்ளே கடித்திருக்கும். கடித்த விளிம்பு பச்சையாக ஈரமாக இருந்தால் ஆள் பக்கத்தில்தான், காய்ந்து பழுப்பாகியிருந்தால் போய்விட்டார். கீழ் இலைகளில் அதன் எச்சம், சின்னச் சின்ன உருளைகளாகக் கிடக்கும். அதற்கு நேர் மேலே பாருங்கள்.

வாழை இலை, மரவள்ளி இலை போன்றவற்றைக் காலைச் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்தால், மேலே உட்கார்ந்திருப்பதன் நிழல் இலை வழியாக அப்படியே தெரியும். பயிற்றங்காய்ப் பந்தல், கத்தரிப் பாத்தி, கினிப்புல் எழும்பிய வேலியோரம், கிளுவை வேலியின் தளிர் எல்லாம் நல்ல இடங்கள். கூட்டிப் பெருக்கிய முற்றத்தையும் விட வேண்டாம். மண் நிறத்தில் மண்ணோடு ஒட்டிக்கிடக்கும் வகைகள் வெறும் தரையில்தான் இருக்கும். காலடியில் இருந்து கிளம்பும்போதுதான் அது பூச்சி என்பதே தெரியும்.

கிட்டப் போனாலே பாய்ந்துவிடுகிறது. என்ன செய்ய?

உங்கள் நிழலை அதன் மேல் விழவிடாதீர்கள். பாதிப் பாய்ச்சல் அதனால்தான். அடுத்தது, நின்று பார்த்துவிட்டுக் குனியாதீர்கள். தூரத்திலேயே குந்திக்கொண்டு, கமராவைக் கண்ணில் வைத்தபடி, அரைச் சாண் அரைச் சாணாக நகருங்கள். கமராவைத் திடீரென்று தூக்குகிற அந்த ஒரு அசைவு எல்லாவற்றையும் கெடுத்துவிடும். புல்லைத் தொட்டால் அதிர்வு தண்டு வழியாகப் போய்ச் சேரும், முழங்கையைப் புல்லில் ஊன்ற வேண்டாம்.

தின்றுகொண்டிருக்கும் வெட்டுக்கிளி மிகவும் பொறுமைசாலி. தாடை அசைகிறதா என்று முதலில் பாருங்கள். அசைந்தால் உங்களுக்கு நேரம் இருக்கிறது. தின்பது நின்று, மீசை இரண்டும் உங்கள் பக்கம் நீண்டு, பின்னங்கால் உடம்போடு ஒட்டி மடிந்தால் அடுத்தது பாய்ச்சல்தான். அந்த நேரத்தில் நீங்களும் அப்படியே உறைந்து நில்லுங்கள். பல தடவை அது மனம் மாறித் திரும்பத் தின்னத் தொடங்கும்.

பூச்சி வெளிச்சூட்டை நம்பி இயங்கும் உயிர் என்பதால் மார்கழி, தை விடியற்காலைகளில் மந்தமாக இருக்கும். சூரியன் இலையில் பட்டு அது வெயில் காயத் தொடங்கும் சிறிது நேரம் பொன்னான நேரம். பனித்துளியும் கிடைக்கும். ஆனால் புல் நுனியில் தண்டைக் கட்டிப்பிடித்தபடி, எவ்வளவு கிட்டப் போனாலும் அசையாமல் ஒன்று இருந்தால் அதிகம் மகிழ வேண்டாம். பூஞ்சண நோய் வந்த வெட்டுக்கிளிகள் உயரத்துக்கு ஏறி அப்படிப் பிடித்தபடியே சாகும்.

தண்டுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறதே?

ஆம், நீங்கள் சுற்றினால் அதுவும் சுற்றும். துரத்த வேண்டாம். நீங்கள் இருந்த இடத்திலேயே இருந்து, மற்றக் கையைத் தண்டுக்குப் பின்னால் மெதுவாகக் கொண்டுபோய் விரலை அசையுங்கள். கைக்குப் பயந்து கமராவின் பக்கம் திரும்பி வரும்.

கைத்தொலைபேசி போதுமா?

தொடங்குவதற்குத் தாராளமாகப் போதும். மக்ரோ வசதி உள்ள போன்களில் ஓரிரு சென்ரிமீற்றர் வரை கிட்டப் போகலாம். சிக்கலும் அதுதான். அவ்வளவு கிட்டப் போனால் போனின் நிழல் விழும், பூச்சியும் ஓடும். கொஞ்சம் தள்ளி நின்று இரண்டு மடங்கு சூம் போட்டு எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்வது பல நேரம் நல்ல பலன் தரும். கிளிப் போல மாட்டும் மக்ரோ லென்ஸ் வாங்கினால் மிக அதிக உருப்பெருக்கம் சொல்லும் மலிவானதை வாங்காதீர்கள். நடுத்தர உருப்பெருக்கம், பூச்சிக்கும் லென்ஸுக்கும் இடையில் கொஞ்சம் தூரம், இவை இருந்தால் போதும். குஞ்சுகளையும் மந்தமான கேட்டிடிட்டையும் போனிலேயே அழகாக எடுக்கலாம். வெயிலில் சூடேறிய வெட்டுக்கிளியை எடுக்கப் போனோடு போராடுவது எனக்கு வீண்வேலையாகத்தான் படுகிறது.

கமரா இருக்கிறது, மக்ரோ லென்ஸ் வாங்கக் காசில்லை.

மூன்று வழி உண்டு. கமராவுக்கும் லென்ஸுக்கும் இடையில் போடும் வெற்றுக் குழாய் ஒன்று. உள்ளே கண்ணாடி கிடையாது. 50 மில்லிமீற்றர் லென்ஸுக்குப் பின்னால் 50 மில்லிமீற்றர் நீளக் குழாய் போட்டால் 1:1 அளவு கிடைக்கும், அதாவது பூச்சி உண்மையில் எவ்வளவோ அவ்வளவு பெரிதாகவே, கமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் விழும். இரண்டாவது, லென்ஸைத் திருப்பி மாட்டும் வளையம். மிக மலிவு, உருப்பெருக்கம் அதிகம், ஆனால் பூச்சிக்கு மிகக் கிட்டப் போக வேண்டும்.

மூன்றாவது, லென்ஸின் முன்னால் மாட்டும் குளோஸ்-அப் கண்ணாடி. ரேனொக்ஸ் டிசிஆர்-250 பலரும் பாவிக்கும் ஒன்று. அதன் வலு 8 டயோப்டர், அதனால் பூச்சிக்கும் அதற்கும் இடையில் ஏறக்குறைய 12 சென்ரிமீற்றர் இடைவெளி இருக்கும். 55-250 சூம் லென்ஸ் வைத்திருப்பவர்கள் அதை மாட்டி முழுச் சூமில் வைத்தால் உண்மை அளவின் இரண்டு மடங்கு வரை போகலாம். வெட்டுக்கிளிக்கு நான் இதைத்தான் சொல்வேன். குழாயை மாட்டிக் கழற்றும்போது கமராவின் வாய் திறந்து கிடக்கும். சோளகப் புழுதியில் அது நல்லதல்ல.

காசு சேர்த்து ஒரு மக்ரோ லென்ஸ் வாங்குவதென்றால் 100 மில்லிமீற்றர் அளவில் வாங்குங்கள். 60 மில்லிமீற்றர் லென்ஸ் நல்லதுதான், ஆனால் 1:1 எடுக்க ஒரு கையகலத்துக்குள் போக வேண்டும். பூவுக்குச் சரி, பாய்கிறதுக்குச் சரிவராது.

1:1 கட்டாயமா?

இல்லை. ஏபிஎஸ்-சி என்ற நடுத்தர அளவுச் சென்சாரின் அகலம் ஏறக்குறைய 23 மில்லிமீற்றர்தான். 1:1 வைத்தால் 5 சென்ரிமீற்றர் நீளமுள்ள ஒன்றின் தலையும் நெஞ்சும்தான் அதற்குள் அடங்கும். முழு உடம்பும் வேண்டுமென்றால் 1:3 அளவே, அதாவது உண்மை அளவின் மூன்றில் ஒரு பங்கே போதும். கேட்டிடிட்டின் மீசையை வெட்டாமல் எடுக்க இன்னும் பின்னால் வர வேண்டும். மீசை பாதியில் அறுந்த கேட்டிடிட் படம் எனக்குப் பிடிப்பதில்லை. ஒன்றில் முழுவதும் வரட்டும், இல்லாவிட்டால் துணிந்து முகத்துக்கு மட்டும் போங்கள்.

என்ன அமைப்பில் எடுப்பது?

பிளாஷ் இருந்தால்: மனுவல் முறை, 1/200 செக்கன், எஃப்/11 (லென்ஸின் துளை, எண் கூடினால் துளை சுருங்கும்), ஐ.எஸ்.ஓ (வெளிச்ச உணர்திறன்) 200, பிளாஷ் வலு எட்டில் ஒன்றோ பதினாறில் ஒன்றோ. இங்கிருந்து கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். பிளாஷ் இல்லாமல் காலை வெளிச்சத்தில் என்றால் எஃப்/5.6 அல்லது 8, வேகம் 1/250க்குக் குறையாமல், ஐ.எஸ்.ஓ எவ்வளவு ஏறுகிறதோ ஏறட்டும்.

எஃப் எண்ணை 22 வரை கூட்டினால் எல்லாம் தெளிவாகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. கிட்டப் போகப் போக லென்ஸின் உண்மையான துளை சுருங்கியதைப் போல வேலை செய்யும். 1:1இல் எஃப்/11 என்பது நடைமுறையில் எஃப்/22. இன்னும் சுருக்கினால் ஒளி சிதறிப் படம் முழுவதும் ஒரே மாதிரி மந்தமாகும். 2:1, அதாவது உண்மை அளவின் இரண்டு மடங்கு போனால் எஃப்/8ஐத் தாண்டாதீர்கள்.

கண் தெளிவாக வந்தால் வயிறு மங்கல், வயிறு வந்தால் கண் மங்கல்.

எல்லோருக்கும் அப்படித்தான். 1:1இல் எஃப்/11 வைத்தாலும் தெளிவாக விழும் தடிப்பு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. 2:1, எஃப்/8 என்றால் கால் மில்லிமீற்றர். அந்த ஒரு துண்டை எங்கே வைப்பது என்பதுதான் முழு விளையாட்டும்.

பக்கவாட்டில் எடுக்கும்போது பூச்சியின் உடம்பும் கமராவின் முதுகும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இருக்கட்டும். அப்படி வைத்தால் எஃப்/8இலேயே கண்ணிலிருந்து இறகு நுனி வரை வரும். கொஞ்சம் சரிந்தாலும் வால் மங்கும். முகத்துக்கு நேரே எடுத்தால் கண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள். அந்த நீண்ட குதிரை முகம் மங்கலுக்குள்ளிருந்து எட்டிப்பார்ப்பது தனி அழகு.

தானியங்கிக் குவியத்தை அணைத்துவிடுங்கள். லென்ஸின் குவிய வளையத்தைத் தேவையான அளவில் நிறுத்திவைத்து, உடம்பை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டிக் கண் தெளியும் கணத்தில் அமுக்குங்கள். காற்று இருந்தால் பூச்சி இருக்கும் தண்டையே இடது கையால் பிடித்து, அந்தக் கையின் மேலே லென்ஸை ஊன்றுங்கள். தண்டு ஆடினாலும் இரண்டும் சேர்ந்தே ஆடும். ரைப்பொட்டை விட இது நூறு மடங்கு பயன்படும். சிலவேளை தண்டைப் பிடிக்கும்போதே பூச்சி பாயும், அதற்கு மருந்து கிடையாது.

பல படங்களை அடுக்கி ஒன்றாக்குவது அடுத்த கட்டம். கண்ணிலிருந்து பின்னோக்கி மெல்ல நகர்ந்தபடி பத்துப் பதினைந்து படம் தொடராக எடுத்து, ஸெரீன் ஸ்டாக்கர், ஹெலிக்கன் போக்கஸ் போன்ற மென்பொருளில் சேர்க்கலாம். ஆனால் வெட்டுக்கிளி மூச்சு விடுவது வயிற்றால். பக்கத்துத் துளைகள் வழியாகக் காற்றை இழுக்க வயிறு விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும். படம் அடுக்கும்போது தலை கச்சிதமாக வந்து வயிறு மட்டும் இரட்டையாகத் தெரிவது அதனால்தான். தலைக்கு மட்டும் அடுக்கினால் அந்தப் பிரச்சினை இல்லை. கேட்டிடிட்டின் மீசையும் சும்மா நிற்காது, மீசைக்கு ஒரே படத்தை மட்டும் எடுத்து ஒட்ட வேண்டிவரும்.

பிளாஷ் அடித்தால் முதுகு வெள்ளையாக மின்னுகிறது.

மெழுகு பூசிய பச்சை ஓடு, சின்ன வெளிச்சம் பட்டால் அப்படித்தான் மின்னும். வெளிச்சத்தின் மூலத்தைப் பெரிதாக்கிப் பூச்சிக்குக் கிட்டக் கொண்டுவர வேண்டும். கடையில் வாங்க வேண்டியதில்லை. கமராவிலேயே எழும்பும் சின்னப் பிளாஷுக்கு வெள்ளை யோகட் கப் ஒன்றைக் கவிழ்த்துப் போடலாம். தனிப் பிளாஷுக்கு, பால்மா பக்கற்றின் வெள்ளித்தாளை உட்புறம் ஒட்டிய அட்டைக் குழாய் செய்து, லென்ஸின் நுனிக்கு மேலே வரும் வாயில் இரண்டு மடிப்பு வெள்ளைத் தாளோ ரிசுவோ ஒட்டுங்கள். ரெஜிபோம் பொதிகளுக்குள் வரும் மெல்லிய வெள்ளை நுரைத்தாள் கிடைத்தால் இன்னும் நல்லது. பார்க்கக் கோமாளித்தனமாக இருக்கும். படம் பேசும்.

பிளாஷில் இன்னொரு நன்மை, குறைந்த வலுவில் அது ஒளிரும் நேரம் செக்கனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. கை நடுக்கமும் காற்றும் படத்தில் விழாது.

இரவுப் படங்களில் பின்னணி கறுப்பாகிவிடுகிறது.

பிளாஷின் வெளிச்சம் பின்னால் எட்டவில்லை, அவ்வளவுதான். பூச்சிக்கு ஒரு சாண் பின்னால் ஒரு வாழை இலைத் துண்டைப் பிடிக்கச் சொல்லுங்கள், பச்சைப் பின்னணி வந்துவிடும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் சந்தோஷமாகப் பிடிப்பார்கள், ஐந்து நிமிடத்துக்கு.

கேட்டிடிட்டைச் சத்தத்தை வைத்துப் பிடிக்க முடியுமா?

ஒருவராகத் தேடினால் கஷ்டம். சத்தம் எல்லாப் பக்கமிருந்தும் வருவது போல இருக்கும், கிட்டப் போனால் நின்றும்விடும். இருவர் இரண்டு மூலையில் நின்று, சத்தம் வரும் திசைக்கு ரோச்சை அடியுங்கள். இரண்டு வெளிச்சமும் வெட்டும் இடத்தில் ஆள் இருப்பார். நின்றுவிட்டால் விளக்கை அணைத்துவிட்டுச் சும்மா இருங்கள், கொஞ்ச நேரத்தில் திரும்பத் தொடங்கும். பாடுபவை ஆண்கள். சிலவற்றின் சத்தம் மிக உயர்ந்த அலைவரிசையில் இருப்பதால், வயதான காதுக்குக் கேட்காதது பிள்ளைகளின் காதுக்குக் கேட்கும். அவர்களைக் கூட்டிப்போக அதுவும் ஒரு காரணம்.

இரவில் வளவுக்குள் போவது ஆபத்தில்லையா?

கவனமாகப் போனால் போகலாம். காலை மூடும் பூட்ஸ், நீளக் காற்சட்டை, தலையில் கட்டும் விளக்கு ஒன்று, கையில் ஒன்று. மக்ரோ எடுப்பவருக்கு உள்ள கூடுதல் ஆபத்து என்னவென்றால் கண் முழுவதும் ஒரே இலையில் இருக்கும், முழங்கால் எங்கே ஊன்றுகிறது என்று தெரியாது. புடையன், சுருட்டைப் பாம்புகள் இங்கே சாதாரணம். ஊன்றுவதற்கு முன் அந்த இடத்துக்கு வெளிச்சம் அடியுங்கள். முசுறு எறும்புக் கூடு தலைக்கு மேலே இருக்கிறதா என்றும் ஒருதரம் பாருங்கள்.

வளவின் எல்லைக்கு வெளியே, பற்றைக்குள், பாழடைந்த காணிக்குள் வெட்டுக்கிளிக்காக இறங்க வேண்டாம். வன்னியில் பெரும் பகுதி துப்புரவாகிவிட்டாலும் மிதிவெடி அகற்றும் வேலை முழுதாக முடிந்த கதையல்ல. மண்டையோட்டுப் பலகை உள்ள இடம் மட்டுமல்ல, ஆட்கள் வழக்கமாக நடக்காத எந்த இடமும் வேண்டாம். இனந்தெரியாத இரும்புச் சாமான் தென்பட்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கம் இருப்பவர்களுக்கு யானையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அங்கே இருட்டில் வீட்டு விளக்கு எட்டும் தூரத்துக்குள் நிற்பதே நல்லது.

பக்கத்து வீட்டாருக்கும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். இரவு பத்து மணிக்கு வேலியோரம் ரோச் அடித்துக்கொண்டு குந்தியிருப்பவரைக் கள்ளன் என்று நினைக்காமல் வேறு என்ன நினைப்பார்கள்? "தம்பி, பூச்சியையோ படம் பிடிக்கிறாய், உனக்கு வேற வேலை இல்லையோ" என்று ஆச்சி ஒருமுறை கேட்டுவிட்டால் பிறகு பிரச்சினை இல்லை. அடுத்த வாரம் அவவே கூப்பிட்டுக் காட்டுவா.

குளிர்சாதனப் பெட்டியில் கொஞ்ச நேரம் வைத்தால் அசையாதாமே?

அசையாது. படமும் உயிரில்லாமல் இருக்கும். குளிரில் விறைத்த வெட்டுக்கிளியின் கால் மடிந்திருக்கும் விதமும் மீசை தொங்கும் விதமும் பழகிய கண்ணுக்கு உடனே பிடிபடும். வெளியே எடுத்ததும் உடம்பில் நீர் வேறு பூக்கும். செய்யாதீர்கள். காலில் பிடித்துத் தூக்குவதும் வேண்டாம். தப்புவதற்காகப் பின்னங்காலையே கழற்றிவிட்டு ஓடும், வளர்ந்த வெட்டுக்கிளிக்கு அந்தக் கால் திரும்ப முளைக்காது.

தலைகீழாகத் தொங்கி வெள்ளையாக ஏதோ செய்கிறது. சாகிறதா?

தோல் கழற்றுகிறது. உங்களுக்கு அதிர்ஷ்டம். தொடாமல், இலையை அசைக்காமல், பிளாஷை அளவாக அடித்து எடுங்கள். வெட்டுக்கிளிக்குக் கூட்டுப்புழுப் பருவம் கிடையாது. குஞ்சு ஐந்தாறு தடவை தோல் கழற்றிக் கழற்றியே பெரிதாகும். கடைசித் தடவைதான் முழு இறகு வரும். கசங்கிய துணி போல் வெளியே வரும் இறகு தொங்கியபடியே விரிந்து நீளும், அதற்குத்தான் தலைகீழாக இருக்கிறது. இடையில் விழுந்துவிட்டால் இறகு கோணலாகவே காய்ந்துவிடும், அப்புறம் அது பறக்காது. பெரும்பாலும் இரவிலும் விடியற்புறத்திலும் நடக்கும். கேட்டிடிட் கழற்றிய தோலைத் தானே தின்றுவிடும். அதுவரை காத்திருக்க முடிந்தால் அதையும் எடுங்கள்.

பெரியதன் முதுகில் சின்னது ஒன்று ஏறி இருக்கிறது. தாயும் பிள்ளையுமா?

பெண்ணும் ஆணும். சரிந்த கூர்முகம் உள்ள பச்சை வெட்டுக்கிளியில், அற்றாக்டொமோர்ஃபா என்ற பேரினத்தில், இதை அடிக்கடி காணலாம். ஆண் மிகச் சிறியது, நீண்ட நேரம் முதுகைவிட்டு இறங்காது. இந்த நேரத்தில் இரண்டும் எளிதில் பாயாது என்பதால் புதியவர்களுக்கு மிகவும் வாய்ப்பான படம்.

கேட்டிடிட் ஒன்றின் வால்பக்கம் வெள்ளைப் பசைக்கட்டி ஒட்டியிருக்கிறது. நோயா?

இல்லை. சேர்க்கையின்போது ஆண் கொடுத்த பொதி அது. விந்துப் பையோடு சத்தான ஒரு பசையும் சேர்ந்திருக்கும். பெண் பிறகு வளைந்து அந்தப் பசையைத் தின்னும். தின்னும் நேரத்தில் விந்து உள்ளே போய்விடும். பெரும்பாலும் இரவில் கிடைக்கும் காட்சி, கண்டால் விடாதீர்கள். வாளைப் போலவோ அரிவாளைப் போலவோ நீட்டிக்கொண்டிருப்பது முட்டையிடும் உறுப்பு. கொடுக்கு என்று பயப்படுகிறார்கள், அது கொட்டாது. ஆனால் பெரிய கேட்டிடிட்டைக் கையில் பிடித்தால் கடிக்கும்.

கண்ணுக்குள் ஒரு கறுப்புப் புள்ளி, எங்கே போனாலும் என்னையே பார்க்கிறது!

அது பார்வை இல்லை. கூட்டுக்கண்ணின் ஆயிரக்கணக்கான சிறு அலகுகளில் உங்கள் திசைக்கு நேரே உள்ளவை வெளிச்சத்தை உள்வாங்கிவிடுவதால் அந்த இடம் கறுப்பாகத் தெரிகிறது. நீங்கள் நகர்ந்தால் வேறு அலகுகள் நேரே வரும், புள்ளியும் நகரும். வெளிர்ந்த கண் உள்ள இனங்களில் நன்றாகத் தெரியும். புள்ளி இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரி விழும் கோணத்தில் எடுத்தால் முகத்துக்கு ஒரு குறும்பு வந்துவிடும். இரண்டு பெரிய கண்ணுக்கும் நடுவில் மூன்று சின்னக் கண்ணும் இருக்கின்றன, தேடுங்கள்.

இறகடியில் சிவப்புப் புள்ளிகள்?

ஒட்டுண்ணிகள். படத்திலிருந்து அழித்துவிடாதீர்கள், அவையும் உண்மைதானே.

படம் எடுக்கிறோம் என்று இவற்றை விட்டுவைத்தால் தோட்டம் மிஞ்சுமா?

வீட்டு வளவில் பத்து இருபது வெட்டுக்கிளி தின்கிற இலையால் கத்தரி காய்க்காமல் போகாது. கீரை நாற்று முளைக்கும் இரண்டு வாரம் மட்டும் நுளம்பு வலைத் துண்டு ஒன்றால் மூடிவிட்டால் போதும். எல்லாமே இலை தின்னிகளும் இல்லை. கோனோசெபலஸ் என்ற மெல்லிய புல் கேட்டிடிட் நெல்லைக் கொஞ்சம் கடித்தாலும் தண்டுதுளைப்பானின் முட்டைகளையும், பால்பருவ நெல்லை உறிஞ்சும் பூச்சியின் முட்டைகளையும் தின்னும். மருந்து அடித்தால் முதலில் போவது இவையும் சிலந்திகளும் கும்பிடுபூச்சிகளும்தான். அடித்த பாத்தியில் ஒரு மாதத்துக்கு எனக்கு ஒரு படமும் கிடைப்பதில்லை என்பது என் சுயநலமான கணக்கு.

2020இல் இந்தியாவுக்குள் பாலைவன வெட்டுக்கிளிக் கூட்டம் வந்தபோது இங்கேயும் பதற்றம் இருந்தது. அதே ஆண்டு குருநாகல் மாவட்டத்தில் மாவத்தகமப் பக்கம் பெருகியது வேறு இனம், மஞ்சள் புள்ளி வெட்டுக்கிளி. கருமையும் மஞ்சளும் சிவப்புமாகக் கண்ணைப் பறிக்கும் நிறம், தொட்டால் நெஞ்சிலிருந்து கெட்ட நாற்றத்தோடு நுரை கக்கும். நிறமே எச்சரிக்கை என்பதால் பறக்கவும் அவசரப்படாது. படத்துக்கு வலிய வந்து நிற்பது போல நிற்கும். வயல் முழுவதும் கூட்டமாக எதையாவது கண்டால் மட்டும் கமநல சேவை நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

மாரி காலத்தில் லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கிறது.

மழையில் நனைந்த கமராவைப் பையோடு அலுமாரிக்குள் வைத்தால் பிடிக்கத்தான் செய்யும். இறுக மூடும் பிளாஸ்ரிக் பெட்டி, அதற்குள் சிலிக்கா ஜெல். அரிசி வேண்டாம், அதன் தூசு லென்ஸுக்குள் போகும். ஜெல்லின் நிறம் மாறினால் சட்டியில் மெல்லிய சூட்டில் வறுத்துத் திரும்பப் போடலாம், ஆனால் சமைக்கிற சட்டியில் அல்ல. வெயில் உள்ள நாட்களில் லென்ஸை வெளியே எடுத்துப் பாவித்துக்கொண்டிருப்பது இன்னும் நல்ல மருந்து.

எடுத்தது என்ன இனம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு அழகான முகப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது. பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று, வால் நுனி ஒன்று, பின்னங்காலின் உட்புற நிறம் தெரிய ஒன்று, அது இருந்த செடியோடு ஒன்று. இவை இருந்தால் ஐநேச்சுரலிஸ்ட் இணையத்தளத்தில் போடலாம், தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்வார்கள். நிறத்தை நம்பி முடிவெடுக்க வேண்டாம். ஒரே இனம் பச்சையாகவும் இருக்கும், காய்ந்த புல் நிறத்திலும் இருக்கும், அபூர்வமாக இளஞ்சிவப்பிலும் வரும். இறகு வராத குஞ்சு என்றால் பேரினம் வரை போனாலே திருப்திப்படுங்கள். உங்கள் வீட்டு வளவில் எடுத்த படம் என்பதால் போடும்போது இடத்தை மங்கலாகக் காட்டும் தெரிவைப் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வீட்டின் சரியான இடம் எல்லோருக்கும் தெரியும்.